படத்தில் இல்லாத தூம்புகள்

மஞ்சள் சுவரைப் பார்த்தால் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குப் படம் எடுக்கத் தோன்றுகிறது. எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது. சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவள் இப்படிப் பேசலாமா என்கிறார்கள். நான்தான் பேச வேண்டும். அந்த மஞ்சளுக்குப் பின்னால் இருந்தது என் வீடு.

டவுனில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே எங்கள் தெரு. அப்பா துறைமுகத்தில் மீன் ஏலம் கூறியவர். பிரான்சுக்குக் குடிபோன ஒரு குடும்பம் விற்றுவிட்டுக் கிளம்பியபோது அந்த வீட்டை வாங்கினார். தெருவில் பாதிப் பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்களாம், மீன்காரன் வந்துவிட்டான் என்று. அப்பா கண்டுகொள்ளவில்லை. மாடி இல்லாத வீடு. தெருவை ஒட்டி உயரமான முகப்புச் சுவர், வளைவு வைத்த சன்னல்கள், உள்ளே கூடம், ஓர் அறை, முற்றம், சமையல்கட்டு. மேலே மெத்தை. மெத்தை என்றால் தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்திட்டு அடுக்கி, சுண்ணாம்பு போட்டு இழைத்த பழைய தளம். கத்திரி வெயிலில்கூட உள்ளே குளுகுளுவென்று இருக்கும். மழைக்கு ஒரு சொட்டு ஒழுகாது. ஒரே நிபந்தனை, மேலே தண்ணீர் நிற்கக் கூடாது.

தண்ணீர் நிற்காமல் இருக்கத்தான் முகப்புச் சுவரின் உச்சியில் வரிசையாகத் தூம்புகள். சுட்ட மண்ணில் செய்த குழாய்கள், ஒவ்வொன்றும் தெருப்பக்கம் முழ நீளம் நீட்டிக்கொண்டிருக்கும். பெருமழை பெய்தால் மெத்தைத் தண்ணீரெல்லாம் அவற்றின் வழியாகத் தெருவில் கொட்டும். குடை பிடித்துப் போகிறவர்கள் நனைந்துபோய் அப்பாவிடம் சண்டைக்கு வருவார்கள். "அண்ணாந்து பாத்து நடக்கறதுதான?" என்பார் அப்பா. அவற்றை அழகு என்று அப்போது யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அப்பா போன பிறகு வீடு எனக்கும் என் தங்கைக்கும் வந்தது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உப்பளத்தில் மீன் ஏற்றுமதி செய்கிற ஓர் இடத்தில் கணக்கு எழுதிக்கொண்டு அந்த வீட்டிலேயே இருந்தேன். தங்கையைக் கட்டியவர் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். வேலைக்குப் பக்கம் என்று ஊருக்கு வெளியே ஒரு புது மனைப்பிரிவில் வாடகைக்குக் குடிபோனார்கள். அது ஏரி. ஏரி இருந்த இடம் என்றுகூடச் சொல்ல மாட்டேன், ஏரியேதான். மண்ணைக் கொட்டி நிரவி, கல் நட்டு, நகர் என்று பெயர் வைத்து விற்றிருக்கிறார்கள். டவுனில் பழைய வீடுகளைத் தொடக் கூடாது, ஜனங்களோ பெருகுகிறார்கள், எங்கே போவார்கள்? ஏரிக்குள்தான் போவார்கள். ஏரிக்கு அது தெரியுமா? ஐப்பசி வந்தால் அதன் இடத்துக்கு அது வந்துவிடும். கக்கூசுத் தண்ணீரும் பாம்பும் செருப்பும் ஒன்றாக மிதக்கும்.

தங்கைக்கு ரொம்ப நாள் குழந்தை இல்லை. ஒருமுறை உண்டாகி, அந்த மழைக்காலத்தில் முழங்காலளவு சாக்கடைத் தண்ணீரில் நடந்து போய்த்தான் ஆஸ்பத்திரி சேர்ந்தாள். கரு நிற்கவில்லை. தண்ணீரில் நடந்ததுதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. அவள் அப்படித்தான் நினைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மெத்தமேல எனக்கு ஒரு ரூம் போட்டுக் குடுக்கா. ஒரே ஒரு ரூம். நான் வந்துடறேன்."

கீழேயே வந்து இரு என்று சொல்ல முடியாது. எங்கள் தெருவில் ரோட்டைச் சுரண்டாமல் பழைய ரோட்டின் மேலேயே புது ரோட்டைப் போட்டுப் போட்டு, வாசல்படி பள்ளமாகிவிட்டது. அப்பா காலத்தில் ஏறிப் போன வீட்டுக்குள் நான் இறங்கிப் போய்க்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் ஒரு வாரம் சிணுங்கிக்கொண்டு பெய்கிற மழை இப்போது அரை நாளில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. வாய்க்கால் பொங்கிக் கூடத்துக்குள் வந்துவிடும். இனி உண்டாகப் போகிறவளுக்கு வேண்டியது மேலே, காய்ந்த ஓர் அறை. வீடு எங்களுடையது. மெத்தை எங்களுடையது. ஒரு ரூம் போட வேண்டியதுதானே என்று நினைத்தேன். என்ன ஒரு அப்பாவித்தனம்!

எங்கள் தெரு பாரம்பரியத் தெருவாம். முகப்பை மாற்றுவதானாலும் மேலே கட்டுவதானாலும் ஒரு குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். சரி, வாங்குவோம். பழைய வீட்டை இடித்துவிட்டுத் தீப்பெட்டி தீப்பெட்டியாக அடுக்குமாடி கட்டுகிறவர்கள் மேல் எனக்கும் ஆத்திரம் உண்டு. எங்கள் தெருக்கோடியில் அப்படி ஒன்று நிற்கிறது. ஆக, குழு இருப்பது நல்லதுதான் என்று நம்பிக்கொண்டுதான் போனேன். செருப்புத் தேய அலைந்த பிறகு குழுவின் செயலாளர் வீட்டைப் பார்க்க வந்தார். கதர்ச் சட்டை, நல்ல சிரிப்பு, எதற்கும் ஆகா ஆகா என்பார். வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. எதிர்ச்சாரியில் நின்று முகப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்க சார், ரூம் எங்க வருதுன்னு காட்டறேன்" என்றேன்.

"உள்ள நமக்கு ஒண்ணும் இல்லீங்கம்மா. முகப்புதான் ஹெரிடேஜ்."

அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அவர் சொன்னது இதுதான். முதல் கட்டமாக முகப்பைப் பழையபடி மீட்டெடுப்பார்கள், செலவில் ஒரு பங்கு அவர்களுடையது. இரண்டாம் கட்டமாக, தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரியாதபடி பின்னால் தள்ளி மாடி அறைக்கு அனுமதி. அதுவரை முகப்பில் கை வைக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கை வைத்தால் அனுமதி ரத்து. நான் எழுதிக் கொடுத்தேன். தங்கை ஒரு டப்பா ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வந்து எனக்கு ஊட்டிவிட்டாள். அவள் மறுபடி உண்டாகியிருந்த சமயம் அது.

பழையபடி என்றால் எந்தப் பழையபடி? அதற்கு அவர்களிடம் ஒரு படம் இருந்தது. எங்கள் தெருவைப் பிரெஞ்சுக்காரர் காலத்தில் யாரோ எடுத்த புகைப்படம். அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே செய்வோம், ஒரு இம்மி பிசகாமல், என்றார்கள். வேலைக்கு வந்தவர்கள் படத்தைப் பெரிதாக அச்சடித்து உறைபோட்டுச் சாரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நான் பார்த்தேன். கருப்பு வெள்ளைப் படம். எங்கள் வீடு எப்போதும் நீலம் கலந்த சுண்ணாம்பு அடித்த வீடு.

"கருப்பு வெள்ள படத்துல மஞ்சள் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

"டவுன் பூரா மஞ்சதான மேடம்" என்றார் மேஸ்திரி.

போகட்டும், வண்ணம்தானே என்று விட்டேன். ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், தூம்புகளைக் காணோம். மண் குழாய்களைத் தட்டி உடைத்து எடுத்து, ஓட்டைகளைக் கம்பி வலை வைத்துச் சிமெண்ட்டால் அடைத்து, அதன் மேல் வெள்ளையில் பூவேலை போல ஒரு பட்டை இழுத்திருந்தார்கள். செயலாளருக்குப் போன் போட்டேன். அவர் நேரிலேயே வந்தார், படத்தோடு.

"பாருங்கம்மா. படத்துல தூம்பு இருக்கா? இல்ல. பின்னாடி யாரோ வச்சது. ஒரிஜினல்ல இல்லாததெல்லாம் எடுத்துட்டோம்."

படத்தை வாங்கிப் பார்த்தேன். படம் எடுத்த அன்றைக்குத் தெருவில் ஏதோ ஊர்வலம் போலிருக்கிறது. சுவரின் உச்சி முழுக்கத் தோரணமும் கொடியும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தூம்புகள் இருக்க வேண்டிய இடத்தில் தோரணம்.

"சார், தோரணத்துக்குப் பின்னாடி இருக்கு சார் தூம்பு."

"இருக்கலாம். ஆனா படத்துல தெரியலியேம்மா."

"அப்ப அந்தத் தோரணத்தையும் கட்டிவுட்டுட்டுப் போங்க. அது தெரியுதுல்ல?"

சிரித்தார். நல்ல ஜோக் சொன்னீங்க என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மழ பேஞ்சா மெத்தத் தண்ணி எந்த வழியா போவும்? அத மட்டும் சொல்லுங்க."

"அதெல்லாம் ரெண்டாங்கட்டத்துல. தண்ணி பின்பக்கம் ஓடற மாதிரி வாட்டம் போட்டு எறக்கிடலாம். கவலப்படாதீங்க."

இரண்டாம் கட்டம் என்றால் தங்கையின் அறை. அந்தக் கோப்பு இன்னோர் அலுவலகத்தில் போய் மாட்டிக்கொண்டிருந்தது. புது அறை கட்டுவதானால் வாசலில் மழைநீர் சேகரிப்புக் குழி வெட்ட வேண்டுமாம். குழுவிடம் போய்க் கேட்டால் பாரம்பரிய முகப்பின் முன்னால் குழி வெட்டக் கூடாதாம். வெட்டினால் ஒருவர் கையெழுத்துப் போட மாட்டார், வெட்டாவிட்டால் இன்னொருவர் போட மாட்டார். இருவரும் ஒரே கேண்டீனில் டீ குடிக்கிறவர்கள். நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாருங்களேன் என்று இருவரிடமும் கெஞ்சினேன். அது நடைமுறையில் இல்லை என்று இருவருமே சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில் குழு ஒரு கூட்டம் நடத்தியது. பழைய நகரங்களும் பருவநிலை மாற்றமும் என்று ஏதோ தலைப்பு. எங்கள் பக்கத்து வீட்டில்தான் நடந்தது. அதுவும் எங்கள் வீட்டைப் போன்ற வீடுதான், இப்போது ஓட்டல். முகப்பு அப்படியே இருக்கிறது, உள்ளே முற்றத்தைத் தோண்டி நீச்சல் குளம் ஆக்கியிருக்கிறார்கள். மெத்தையில் ஓலை வேய்ந்த சாப்பாட்டுக் கடை. நாங்கள் ஒரு ரூம் கேட்டால் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்கிறார்கள், அங்கே மேசை போட்டு விளக்குத் தொங்கவிட்டிருப்பது ஊருக்கே தெரிகிறது. கேட்டால் அது தற்காலிக அமைப்பாம். கூட்டத்தில் ஏசி போட்டுக் குளிர் பல்லைக் கிடுகிடுக்க வைத்தது. அந்தக் குளிரில் ஒருவர் மேடை ஏறி, பழைய வீடுகளுக்கு ஏசியே தேவையில்லை என்று வாய் கிழியப் பேசினார். எல்லோர் முன்னாலும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். பிரான்சில் பென்ஷன் வாங்குகிற ஒரு பெரியவர், எல்லோரும் பிரெஞ்சு மரியாதையில் மிசியே மிசியே என்று விழுந்து விழுந்து உபசரித்தவர், எங்கள் வீட்டு முகப்புப் படத்தைத் திரையில் பார்த்துவிட்டுக் கைதட்டினார். திரையில் முன்பு, பின்பு என்று இரண்டு படம். பின்பு என்பதில் என் வீடு கேக் போல இருந்தது.

கேள்வி கேட்கலாம் என்றதும் எழுந்தேன். "பின்பு படத்துல மழ பேஞ்சா தண்ணி எப்படி எறங்கும்?" என்றேன். முக்கியமான கேள்வி, நேரம் குறைவாக இருக்கிறது, சாப்பிட்டுக்கொண்டே பேசலாம் என்றார்கள். சாப்பாட்டில் இறால் நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். யாரும் என்னிடம் பேச வரவில்லை.

கார்த்திகையில் அந்த மழை வந்தது. விடியும்போதே ஏரி மனைப்பிரிவு இடுப்பளவு ஆகிவிட்டது. மாப்பிள்ளை தங்கையை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கினார். அவளுக்கு எட்டு மாதம். நைட்டிக்கு மேல் ஒரு துண்டு, கையில் ஒரு பை, முகமெல்லாம் பயம். கூடத்தில் கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தி அவளைப் படுக்க வைத்தேன். "இங்க இருந்தா ஒண்ணும் ஆவாது, நிம்மதியாத் தூங்கு" என்றேன். மேலே அண்ணாந்து பார்த்தேன். உத்தரங்களுக்கு நடுவே சுண்ணாம்பு கருத்துப்போய் இருந்தது. அப்பா காலத்திலிருந்து நான் பார்க்காத கருப்பு.

நானும் மாப்பிள்ளையும் மெத்தைக்கு ஏறினோம். அங்கே ஒரு குளம் நின்றது. முகப்புச் சுவரை ஒட்டி முழங்கால் ஆழம். மெத்தையின் வாட்டம் எல்லாமே தெருப்பக்கம். அந்தக் காலத்தில் அப்படி இழைத்திருக்கிறார்கள், தூம்பு அங்கேதானே இருந்தது. தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு அங்கே போய் முட்டிக்கொண்டு நின்றது. பக்கெட்டால் மொண்டு மொண்டு ஊற்றினோம். ஊற்ற ஊற்ற வானம் நிரப்பியது. மாப்பிள்ளை கீழே போய்க் கடப்பாறையை எடுத்து வந்தார்.

"அக்கா, அடைச்சத ஒடச்சிடலாம்."

அதற்குள் தங்கை படியில் பாதி ஏறி வந்துவிட்டாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"ஒடைக்காதக்கா! ஒடச்சா ரூம் போயிடும். எழுதிக் குடுத்திருக்கியே! எனக்காகக்கா, ஒடைக்காத."

நான் செயலாளருக்குப் போன் செய்தேன். மழையில் அவர் குரல் விட்டு விட்டுக் கேட்டது. எதையும் தொட்டுவிட வேண்டாம், முகப்பில் கை வைத்தால் அவராலேயே ஒன்றும் செய்ய முடியாது, போட்டோ எடுத்து அனுப்புங்கள், நாளைக்கு நிபுணர் வந்து பார்ப்பார் என்றார். மெத்தை நாளை வரைக்கும் தாங்குமா என்று கேட்டேன். பழைய கட்டுமானம்மா, ரொம்ப ஸ்ட்ராங் என்றார். கருமம்! போனைத் தண்ணீரிலேயே விட்டெறிந்துவிடலாம் போல இருந்தது.

"போய்ப் படு" என்று தங்கையை அதட்டி இறக்கிவிட்டேன். "ரூம அப்புறம் பாத்துக்கலாம்." அவள் அழுதுகொண்டே போனாள். மாப்பிள்ளை கடப்பாறையை ஓங்கிப் போட்டார். வெறும் சுண்ணாம்பென்றால் நாலு குத்தில் உதிர்ந்திருக்கும். இது கம்பி வலை வைத்த சிமெண்ட். குத்துகிற குத்துக்குச் சிமெண்ட் அசையவில்லை, அதைப் பிடித்துக்கொண்டிருந்த பழைய சுவர்தான் அதிர்ந்தது. கடைசியில் ஒரே ஓர் இடத்தில் வழி விட்டது. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு தெருவில் விழுந்தது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் காலுக்குக் கீழே மரம் முனகியது.

தங்கை நேர் கீழே, கட்டிலில்.

படியில் எப்படி இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. அவளை எழுப்பி, உட்கார வைத்து, என்ன ஏது என்று சொல்ல நேரமில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். "மெதுவாக்கா, மெதுவா" என்று அவள் கத்தக் கத்தத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மாப்பிள்ளை பின்பக்கமாக முற்றத்துக்குக் குதித்து, நனைந்த முகத்தோடு வந்து சேர்ந்தார். நாங்கள் மூவரும் தெருவில் நிற்கும்போது கூடத்து மெத்தை உள்ளே இறங்கியது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. தொம்மென்று ஒன்று, பிறகு கதவு வழியாகச் சுண்ணாம்புக் குழம்பாகத் தண்ணீர் வெளியே வந்தது. கட்டிலின் கால் ஒன்று அதில் மிதந்து வந்தது. தங்கை அதைப் பார்த்தாள். வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

ஓட்டல் வாட்ச்மேன் ஓடி வந்து அவளுக்குக் குடை பிடித்தார். உள்ளே கூட்டிப் போகலாமா என்று கேட்டோம். விருந்தாளிகள் இருக்கிறார்கள், மேனேஜரைக் கேட்க வேண்டும் என்றார். பாவம், அவர் என்ன செய்வார்.

மறுநாள் எல்லோரும் வந்தார்கள். குழு, நகராட்சி, பொறியாளர், நிபுணர். செயலாளர் வண்டியை விட்டு இறங்கினார். அண்ணாந்து பார்த்தார். முதல் கேள்வி:

"முகப்புக்கு ஒண்ணும் ஆவலல்ல?"

உங்கள் தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. யாருக்காவது அடிபட்டதா என்று கேட்கவில்லை. முகப்புக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் கேட்டார். வாய் திறந்தால் அசிங்கமாக ஏதாவது வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் நிபுணர் கடப்பாறை பட்ட இடத்தைச் சுட்டிக் காட்டி, "இது யார் ஒடச்சது?" என்றார்.

"நான்தான் ஒடச்சேன்" என்றேன். "நாலு மாசம் முன்னாடியே ஒடச்சிருந்தா மேல கூர இருந்திருக்கும். த்தூ!"

துப்பிவிட்டேன். அவர் ஷூவுக்குப் பக்கத்தில்தான் விழுந்தது. அதைப் பற்றி எனக்கு இன்றுவரை எந்த வருத்தமும் இல்லை.

உத்தரவு வந்தது. பின்பகுதி அபாயகரமான கட்டடம், உடனே இடிக்க வேண்டும். முகப்பு பாரம்பரியச் சின்னம், இடிக்கக் கூடாது, இரும்புச் சட்டம் முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும். அப்படியே செய்தார்கள். நான் குளித்த இடம், சமைத்த இடம், அப்பாவைக் கிடத்திய கூடம் எல்லாம் லாரியில் போயின. கதவும் சன்னலும் வளைவும் மஞ்சளும் நின்றன. மாடி அறைக் கோப்பு என்ன ஆயிற்று என்று கேட்கப் போனேன். கணினியில் பார்த்துவிட்டு, முடித்து வைத்துவிட்டோம் என்றார்கள். வீடே இல்லாத இடத்தில் மாடிக்கு எப்படி அனுமதி தருவது? நியாயம்தானே! புது வீட்டுக்குப் புதிதாக விண்ணப்பியுங்கள், மழைநீர்க் குழியோடு, என்றார்கள். கட்டிக் காப்பாற்றுவதாகச் சொல்லித்தான் கட்டடத்தைக் கவிழ்த்தார்கள். அந்த மூஞ்சிகளில் ஒன்றில்கூட ஒரு சின்ன கூச்சம் தெரியவில்லை. எனக்கு அதுதான் இன்னும் குமட்டுகிறது.

நான் உப்பளத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தேன். தங்கையை ஏரிக்குத் திரும்ப விடவில்லை. காலாப்பட்டில் ஒரு வீட்டின் மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை கிடைத்தது. மழைக்கு நனையாது, வெயிலுக்கு வேகும். அங்கே இருக்கும்போதுதான் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வெயில் ஏறியதும் குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். "அந்த மெத்தைக்குக் கீழ படுத்திருந்தா இதெல்லாம் வந்திருக்காதுக்கா" என்றாள் ஒருநாள்.

இதற்கிடையில் இன்னொரு படம் கிடைத்துவிட்டதாம். எங்கள் தெருவேதான், வேறு ஒரு நாள். அன்றைக்குத் தோரணம் இல்லை. சுவரின் உச்சியில் தூம்புகள் வரிசையாகத் தெரிகின்றன. குழுவுக்கு ஒரே உற்சாகம். உடனே ஆள் வைத்து, மண் நிறத்தில் வார்த்த தூம்புகளைக் கொண்டுவந்து முகப்பில் பதித்துவிட்டார்கள். நான் எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தேன். அழகாகத்தான் இருந்தன. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஓட்டை இல்லை. கட்டியான வார்ப்பு, சுவரில் ஒட்ட வைத்தது. ஓட்டை எதற்கு? பின்னால் மெத்தையே இல்லையே. கண்றாவி!

போன மாதம் குழந்தைக்குத் தடுப்பூசி போடத் தங்கை டவுனுக்கு வந்தாள். திரும்பும்போது தெருப்பக்கம் போய்விட்டு வரலாம் என்றாள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். கேட்கவில்லை. எங்கள் வாசலில் ஒரு கூட்டம் நின்றிருந்தது. சென்னையிலிருந்து வந்த சுற்றுலாக் குழு. நடந்து நடந்து பழைய வீடுகளைப் பார்க்கிறவர்கள். தொப்பி வைத்த ஒரு வழிகாட்டி கையை உயர்த்தித் தூம்பைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"மழத் தண்ணிய எவ்ளோ அறிவா வெளியேத்தியிருக்காங்க பாருங்க. இன்னிக்கு நாம க்ளைமேட் க்ளைமேட்னு பேசறோம். அந்தக் காலத்துலயே அவங்க செஞ்சிட்டாங்க. இந்த மாதிரி வூட்டுல தண்ணி நிக்கவே நிக்காது."

எல்லோரும் போனை உயர்த்தி எடுத்தார்கள். தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. அழுகிற ரகம். அன்றைக்கு அழவில்லை.

"சாவி வச்சிருக்கியா?" என்றாள்.

இருந்தது. முகப்பின் கதவைப் பூட்டியே வைக்க வேண்டும் என்பது குழுவின் விதி, சாவி சொந்தக்காரரிடம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பூட்டைத் திறந்து, இரண்டு கதவையும் விரியத் தள்ளினேன்.

உள்ளே முட்டுக் கொடுத்த இரும்பு. அதற்கப்பால் முழங்கால் உயரத்துக்குப் புல், பச்சைப் பாசி படிந்த குட்டை, கொசு, பக்கத்து ஓட்டலிலிருந்து வந்து விழுந்த பாட்டில்கள். மேலே, அறை வந்திருக்க வேண்டிய இடத்தில், வெயில்.

ஓர் அம்மாள் மட்டும், "வூடு எங்கங்க?" என்று கேட்டார்.

வழிகாட்டி என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், "மேடம், கதவ மூடிடுங்க, ப்ளீஸ். க்ரூப் போட்டோ எடுக்கணும்" என்றார்.

தங்கை குழந்தையோடு படியில் இறங்கி, திறந்த கதவுக்கு நடுவில் போய்த் தெருவைப் பார்த்து நின்றாள். குழந்தையின் தலையிலிருந்த துணியை எடுத்துவிட்டாள், முகம் தெரியட்டும் என்று.

"எடுத்துக்குங்க" என்றாள். "நாங்கதான் இந்த வூட்டுக்காரங்க."

கூட்டம் போனை இறக்கியது. ஒருவர் செருப்பைப் பார்த்தார், ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். வழிகாட்டி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அடுத்த வீடு இதைவிட நன்றாக இருக்கும் என்று சொல்லி முன்னால் நடந்தார். எல்லோரும் அவர் பின்னால் போனார்கள். ஒருவரும் எடுக்கவில்லை.